அண்டை வீட்டுக்காரியைப் பிணையாக வாங்காதீர்கள்

மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுக்கும் நுண்நிதி நிறுவனங்களின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். நான் தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணி வட்டத்தில் ஒரு சிற்றூரில் தையல் தொழில் செய்கிறேன். ஏழு ஆண்டுகளாகக் குழுக் கடன் வாங்கிக் கட்டிவருகிறேன். கடந்த நான்கு ஆண்டுகளாக, சில குழுக்கள் ஒன்றாகக் கூடிப் பணம் கட்டும் சென்டருக்கு லீடராகவும் இருக்கிறேன். ஒரு தவணையும் தவறியதில்லை. கடனே கூடாது என்று சொல்ல இதை எழுதவில்லை. என் வீட்டில் ஓடும் இரண்டு தையல் இயந்திரங்களில் ஒன்று உங்களைப் போன்ற ஒரு நிறுவனத்தின் பணத்தில் வந்தது. அந்தப் பணம் கிடைக்காமல் போயிருந்தால் கந்துவட்டிக்காரரின் வாசலுக்குத்தான் போயிருப்பேன்.

நான் பேச வந்தது, நாங்கள் கையெழுத்துப் போடும் தாளில் இருக்கும் ஒரே ஒரு வரியைப் பற்றி. குழுவில் ஒருவர் தவணை கட்டத் தவறினால் மற்றவர்கள் அதற்குப் பொறுப்பு என்ற வரி. கூட்டுப் பொறுப்பு என்று அதற்குப் பெயர். எங்கள் தெருவில் அந்த வரி என்ன செய்கிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்று மட்டும் சொன்னால் அது பொய். செய்தவர்களில் நானும் ஒருத்தி.

எங்கள் சென்டர் கூட்டம் இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு வீட்டுத் திண்ணையில் நடக்கும். இருபது பேர், ஐந்து ஐந்து பேராக நான்கு வரிசை. முதலில் உறுதிமொழி. பிறகு ஒவ்வொரு வரிசையாகப் பணம் வைக்க வேண்டும். எனக்குத் தவணை 970 ரூபாய். எல்லாருடைய பணமும் வந்து, எண்ணி முடித்து, வசூலுக்கு வந்த தம்பி தன் கைபேசியில் பதிந்த பிறகுதான் நாங்கள் எழுந்து போகலாம்.

போன ஆண்டு ஆடி மாதம் ஒரு செவ்வாயன்று என் வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. கீற்று முடைந்து விற்கும் ஓர் அக்காவின் இடம். அவருடைய கணவர் தேங்காய் வெட்டுபவர். மரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டுப் படுத்திருந்தார். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். வசூலுக்கு வந்த தம்பி கோபப்படவில்லை. "முழுத் தொகையும் வந்தால்தான் நான் கிளம்ப முடியும் அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

மணி எட்டு ஆயிற்று. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியவர்கள் முனகத் தொடங்கினார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் நேரத்துக்குப் போய்ப் படம் எடுத்துக்கொள்ளாவிட்டால் அன்றைய வருகைப் பதிவு போய்விடும். பணத்தைக் கட்டிவிட்ட பத்தொன்பது பேர், கட்டாத ஒருவருக்காக உட்கார்ந்திருந்தோம். எங்களை உட்காரவைத்தது உங்கள் விதி. ஆனால் எங்கள் வயிற்றெரிச்சல் முழுவதும் அந்த அக்காவின் பக்கம் திரும்பிவிட்டது. எட்டரை மணிக்கு நாங்கள் ஐந்து பேர் எழுந்து அவர் வீட்டுக்குப் போனோம்.

கதவு சாத்தியிருந்தது. வாசலில் ஊறவைத்த மட்டைகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பாதி முடைந்த கீற்று ஒன்று தரையில் கிடந்தது. அதன் ஓலை நுனிகளில் ஈரம் காயவில்லை. படியில் செருப்பு கிடந்தது. சன்னலில் எட்டு வயதுப் பையன் எட்டிப் பார்த்து "அம்மா இல்லை" என்றான். யாரோ கதவைத் தட்டினார்கள். யாரோ குரலை உயர்த்தினார்கள். அடுத்து நான் உயர்த்தினேன். "வாங்கும்போது மட்டும் கால் வலிக்காமல் நடந்து வந்தீர்களே" என்று அந்தச் சன்னலைப் பார்த்துச் சொன்னேன். தெருவில் இரண்டு வீட்டுக் கதவுகள் திறந்தன.

மதியம் அந்த அக்கா என் வீட்டுக்கு வந்து 970 ரூபாயை என் கையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். காதில் தோடு இல்லை. துளை தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்குச்சியை ஒடித்துச் செருகியிருந்தார்.

இனிமேல் நான் சொல்வதைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலை கஜா புயல் கரையேறியபோது எங்கள் பகுதியில் தென்னந்தோப்புகள் அப்படியே சாய்ந்தன. என் ஓட்டு வீட்டின் மேல் மரம் விழுந்தது. பல வாரங்கள் மின்சாரம் இல்லை. எங்கள் தெருவில் தளம் போட்ட வீடு அப்போது ஒன்றுதான். அது அந்த அக்காவுடையது. ஆறு குடும்பங்கள் அங்கே படுத்தோம். அவரவர் வீட்டில் நனையாமல் தப்பிய அரிசியைக் கொண்டுவந்து ஒரே அடுப்பில் பொங்கினோம். யார் எவ்வளவு கொண்டுவந்தார்கள் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. அந்த ஆடிச் செவ்வாயில் நாங்கள் ஐந்து பேரும் நின்று கத்தியது அதே கதவின் முன்னால்.

அதே பெண்கள், அதே வாசல். நாங்கள் கெட்டவர்களாகிவிட்டோமா என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன். தனியாகப் போயிருந்தால் நான் கதவைத் தட்டி, "அக்கா, மாமாவுக்கு எப்படி இருக்கிறது?" என்றுதான் கேட்டிருப்பேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஐந்து பேராகப் போனபோது எங்களில் ஒவ்வொருத்தியும் மற்ற நால்வரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் பேசாமல் நின்றால் அவர் பக்கம் சாய்கிறேன் என்று ஆகிவிடும். நாளைக்கு இவளும் கட்டமாட்டாள் என்ற சந்தேகம் வரும். நான் நாணயமானவள் என்று மற்ற நால்வருக்கும் காட்ட எனக்கு அந்த அக்கா தேவைப்பட்டார். மற்றவர்களும் அதையேதான் செய்தார்கள் என்று பிறகு தனித்தனியாகப் பேசியபோது தெரிந்தது. ஐவரில் ஒருத்திகூட அன்று கத்த விரும்பியிருக்கவில்லை. ஐவருமாகச் சேர்ந்து கத்திவிட்டு வந்தோம்.

கட்டும்போது நடப்பது இது. வாங்கும்போதும் வரிசைதான் முடிவு செய்கிறது. மூன்றாவது சுற்றுக் கடனுக்கு எனக்கு 20,000 ரூபாய் போதும். ஓவர்லாக் இயந்திரம் ஒன்று வாங்கத்தான் கேட்டேன். கூட்டத்தில் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். முதல் ஆள் நாற்பது என்றாள். இரண்டாம் ஆளும் நாற்பது. மூன்றாம் ஆள் கொஞ்சம் தயங்கிவிட்டு நாற்பது. என் முறை வந்தபோது என் வாயிலும் நாற்பதுதான் வந்தது. குறைத்துக் கேட்டால் கட்டத் திராணியற்றவள் என்று நினைப்பார்களோ என்ற கூச்சம். கூடவே, எல்லாரும் கேட்கிறார்களே, அதில் ஏதோ நியாயம் இருக்கும் என்ற எண்ணமும் இருந்தது. கூடுதலாக வந்த இருபதாயிரம் எங்கே போயிற்று என்று இன்று என்னால் கணக்குச் சொல்ல முடியாது. அதற்கும் சேர்த்து இரண்டு ஆண்டுகள் கட்டினேன்.

என் மகள் கல்லூரியில் பொருளியல் படிக்கிறாள். இதை அவளிடம் சொன்னபோது, சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் நடத்தி 1951இல் வெளியிட்ட ஒரு சோதனையைப் பற்றிச் சொன்னாள். ஓர் அறையில் சிலரை உட்காரவைத்து, ஒரு கோட்டைக் காட்டி, மற்ற மூன்று கோடுகளில் எது இதே நீளம் என்று கேட்பார்கள். சிறு பிள்ளைக்கும் தெரியும் விடை. ஆனால் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் சோதனை நடத்துபவரின் ஆட்கள். வேண்டுமென்றே ஒரே தவறான விடையைச் சத்தமாகச் சொல்வார்கள். அந்த ஒருவர் என்ன செய்தார்? சோதனைக்கு வந்தவர்களில் நான்கில் மூன்று பேர் ஒரு முறையாவது கூட்டத்தோடு சேர்ந்து தவறான விடையைச் சொன்னார்கள். வரிசையில் இன்னும் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் போதும், அந்த அழுத்தம் பெரும்பகுதி கரைந்துபோயிற்று. விடையைத் தாளில் எழுதித் தரச் சொன்னபோதும் அப்படியே. அவர்கள் முன்னால் இருந்தது வெறும் கோடு. பணமும் இல்லை, மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் அதே முகங்களைப் பார்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை. எங்கள் வரிசையில் அவை இரண்டும் இருக்கின்றன.

இந்தக் கூட்டுப் பொறுப்பு நல்ல நோக்கத்தோடு வந்த ஏற்பாடு என்பதை நான் மறுக்கவில்லை. வங்கதேசத்தில் பேராசிரியர் முகம்மது யூனுஸ் 1976இல் ஜோப்ரா கிராமத்தில் தொடங்கியபோது, அடகு வைக்க ஒன்றுமில்லாத பெண்களுக்கு எந்த வங்கியும் கடன் தரவில்லை. ஐந்து பேரைச் சேர்த்து உட்காரவைத்தால் ஒருவரை ஒருவர் அறிந்து தேர்ந்துகொள்வார்கள், பார்த்துக்கொள்வார்கள் என்ற எண்ணம் அன்றைக்குப் பெரிய வழியைத் திறந்தது. அண்டை வீட்டாரின் கண்காணிப்பு வங்கியின் வேலையைச் செய்யும் என்று பொருளியலாளர் ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் 1990இல் கட்டுரையே எழுதினார். கோட்பாடு அழகானது. ஆனால் எங்கள் ஊரில் குழு எப்படிச் சேர்கிறது தெரியுமா? "இன்னும் ஒரு ஆள் குறைகிறது, யாரையாவது கூட்டி வாருங்கள் அக்கா" என்று உங்கள் ஊழியர் மாதக் கடைசியில் வந்து நிற்கிறார். யாரோ வருகிறார்கள். அவருக்குக் கட்ட முடியுமா என்று மற்ற நால்வரும் யோசிப்பதில்லை. நிறுவனம் விசாரித்திருக்கும் என்று நாங்கள் இருந்துவிடுகிறோம். குழு விசாரித்திருக்கும் என்று நீங்கள் இருந்துவிடுகிறீர்கள்.

அந்த ஊழியரையும் நான் குறை சொல்லமாட்டேன். வேறு மாவட்டத்திலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளை. காலையில் கிளைக் கூட்டத்தில் எத்தனை சென்டர் முழு வசூல் என்று எல்லார் முன்னாலும் அவரிடம் கேட்கிறார்கள். குறைந்த தொகையைச் சில நாள் தன் பையிலிருந்து போட்டுக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். அவரும் ஒரு வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

கூட்டுப் பொறுப்பை எடுத்துவிட்டால் பணம் திரும்பி வராது என்று நீங்கள் சொல்வீர்கள். யூனுஸின் கிராமீன் வங்கியே 2000களின் தொடக்கத்தில் தன் முறையை மாற்றியமைத்தபோது, ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பு என்பதை விட்டுவிட்டது. பிலிப்பைன்ஸில் ஒரு வங்கி ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த சென்டர்களில் ஏறத்தாழப் பாதியைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அங்கே கூட்டுப் பொறுப்பை நீக்கியது. கூட்டம் தொடர்ந்து நடந்தது. அவரவர் கடனுக்கு அவரவர் பொறுப்பு. ஆய்வாளர்கள் சேவியர் ஹினே, டீன் கார்லன் இருவரும் மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, கடன் தவறுவது அதிகரித்திருக்கவில்லை. பணம் வந்துகொண்டுதான் இருந்தது.

கூட்டத்தையும் கலைத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கொல்கத்தாவில் நடந்த இன்னோர் ஆய்வில், மாதம் ஒரு முறை கூடிய பெண்களைவிட வாரம் ஒரு முறை கூடியவர்கள் ஒருவரோடு ஒருவர் நெருங்கிப் பழகினார்கள். கடன் முடிந்து வெகுநாள் ஆன பிறகும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வந்தார்கள். அடுத்த கடனில் தவறியவர்களும் அவர்களில் குறைவு. இதை நம்ப எனக்கு ஆய்வே தேவையில்லை. அந்தத் திண்ணையில்தான் என் தையலுக்குப் பாதி வாடிக்கையாளர்கள் கிடைத்தார்கள். மகளுக்கு வரன் அங்கே பேசி முடித்தவர்கள் இருக்கிறார்கள். உட்கார்ந்து பேசினால் பெண்கள் ஒருவருக்கொருவர் துணையாகிறார்கள். அந்தத் துணையைத்தான் உங்கள் தாளில் இருக்கும் அந்த ஒரு வரி பிடுங்குகிறது.

தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழு இயக்கம் 1989இல் தர்மபுரியில் தொடங்கியது. என் அம்மா எங்கள் ஊரில் அப்படி ஒரு குழுவில் இருந்தார். மாதம் இருபது ரூபாய் சேமிப்பு. அந்தச் சேமிப்பிலிருந்து யாருக்குக் கடன், எவ்வளவு, எப்போது திருப்புவது என்று அவர்களே பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். ஒரு முறை கட்ட முடியாத ஒருவருக்கு "அறுவடை கழித்து" என்று எழுதியதை நானே பார்த்திருக்கிறேன். அங்கேயும் சண்டை இருந்தது, முறைப்பு இருந்தது. ஆனால் பணமும் முடிவும் அவர்களுடையவை என்பதால் அவகாசம் கொடுக்கும் உரிமையும் அவர்களிடம் இருந்தது. உங்கள் சென்டரில் இருபது பேரும் ஒருமித்து "அந்த அக்காவுக்கு ஒரு மாதம் பொறுக்கலாம்" என்று சொன்னால் அதை எழுத எந்தப் புத்தகமும் இல்லை. நெருக்குவதற்கு மட்டும் எங்களைக் குழு என்கிறீர்கள்.

ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகளை நானும் மகளும் உட்கார்ந்து படித்தோம். ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்குப் பிணை இல்லாமல் கொடுப்பதுதான் நுண்கடன் என்கிறது அது. குறித்த இடத்துக்குக் கடன்காரர் தொடர்ந்து இரண்டு முறையாவது வராமல் இருந்தால்தான் ஊழியர் அவர் வீட்டுக்குப் போகலாம். கடன் வாங்கியவரின் உறவினர், நண்பர், உடன் வேலை செய்பவர் யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது. பெயரை வெளியிடக் கூடாது. இவ்வளவும் நல்ல விதிகள். அந்த ஆடிச் செவ்வாயில் உங்கள் ஊழியர் இவற்றில் ஒன்றையும் மீறவில்லை. முதல் தவணை தவறிய அன்றே அந்த வீட்டு வாசலுக்குப் போனது நாங்கள். தெருவே கேட்கும்படி பெயரைச் சொன்னதும் நாங்கள். எங்களைத் தடுக்கும் விதி அந்தத் தாள்களில் இல்லை. 2025இல் தமிழ்நாடு சட்டமன்றம் கட்டாய வசூலுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. அதன்படி அந்த அக்கா யார்மேல் புகார் கொடுப்பார்? புயலில் தன் வீட்டில் படுத்தவர்கள் மேலா?

பிணை இல்லாத கடன் என்பதால் ஆபத்து அதிகம், அதனால்தான் வட்டி கூடுதல் என்று விளக்குகிறீர்கள். பிணை இருக்கிறது ஐயா. நான்கு பெண்களின் வாய் அது. அதையும் வாங்கிக்கொண்டு, பிணை இல்லை என்று வட்டியையும் கூட்டி வாங்குவது எந்தக் கணக்கு? மேலும் 1976இல் ஜோப்ராவில் இல்லாத ஒன்று இன்று உங்கள் கையில் இருக்கிறது. எங்கள் ஒவ்வொருவரின் கடனும், தவணை தவறிய நாளும் கடன் தகவல் நிறுவனங்களில் பதிவாகிறது. யார் நாணயமாகக் கட்டுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள நீங்கள் இனியும் எங்களைக் கேட்க வேண்டியதில்லை. குடும்ப மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் அதே விதி சொல்கிறது. அதைக் கணக்குப் பார்ப்பது உங்கள் வேலை.

ஆகவே கேட்கிறேன். அந்த வரியைப் பத்திரத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரே நாளில் எல்லா ஊரிலும் முடியாது என்றால் சில கிளைகளில் ஓர் ஆண்டு எடுத்துப் பாருங்கள். எங்கள் கிளையில் தொடங்கினால் முன்னால் நிற்பேன். அதற்கு முன்பே, நாளைக் காலையிலேயே செய்யக்கூடியவை இரண்டு உண்டு. பணம் கட்டியவரை எழுந்து போக விடுங்கள். எவ்வளவு கடன் வேண்டும் என்பதை வரிசையில் உட்காரவைத்துக் கேட்காமல், ஒவ்வொருவரிடமும் தனியாக, அவர் வீட்டில் கேளுங்கள். இதற்குச் செலவு அதிகமில்லை. கட்ட முடியாத மாதத்தில் ஒருவர் நேராகக் கிளைக்குப் பேசி அவகாசம் கேட்க ஒரு வழி வையுங்கள். அந்தச் செய்தி அவருக்கும் உங்களுக்கும் இடையில் இருக்கட்டும்.

அந்த அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். மூன்று மாதம் ஆயிற்று கேட்க. "நீ என்ன செய்வாய், உனக்கும் நேரம் ஆகியிருக்கும்" என்றார். அதற்குப் பிறகு தைக்கத் துணி கொண்டுவருகிறார், பேசுகிறார். ஆனால் கூட்டத்தில் இப்போது என் வரிசையில் உட்காருவதில்லை. கடைசி வரிசைக்கு இடம் மாற்றிக்கொண்டார். தோடு இன்னும் மீட்கவில்லை.

எனக்கு இன்னும் பதினோரு தவணை இருக்கிறது. வருகிற செவ்வாய் முதல் 970 ரூபாயை வைத்து, பதிவானதைப் பார்த்துவிட்டு, நான் எழுந்துவிடுவேன். யார் பணம் குறைந்தாலும் அவர் வீட்டுக்கு நான் போகப்போவதில்லை. உங்கள் கிளைக்கு இதை எழுதிக் கொடுத்துவிட்டேன். சென்டர் லீடர் பொறுப்பிலிருந்து என்னை எடுப்பதானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பேராவூரணி வட்டத்திலிருந்து ஒரு சென்டர் லீடர்